பூட்டின் ரகசியம் பூஜ்யம்!

தேவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிறவர் வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு போவார். இப்போது சாவியே இல்லாத பூட்டு வந்துவிட்டது. மலைமேல் நின்று கைப்பேசியைத் தட்டினால் (சிக்னல் கிடைத்தால்!) கீழே வீட்டுக் கதவு திறக்கிறது.

காற்றில் வரும் சாவி களவு போகாதா? போகும்!

'இசட்-வேவ்' என்ற ரேடியோ முறையில் இயங்கும் பழைய பூட்டுகளைப் பாருங்கள். பூட்டையும் வீட்டுக் கருவியையும் முதன்முதலில் இணைக்கும்போது ரகசியச் சாவி காற்றில் செல்கிறது. அதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அனுப்புவது போலத்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிக்கு என்ன சாவி தெரியுமா? வெறும் பூஜ்யங்கள்! ஊரறிந்த ரகசியம். அந்தச் சில வினாடிகளில் அருகே ஒருவன் ஒட்டுக்கேட்டால் போதும். பிறகு வாசலருகே வந்து அவன் நினைத்தபோது கதவு திறக்கும்.

2017 ஏப்ரல் முதல், சான்று பெறும் புதிய கருவிகளுக்கு 'எஸ்-2' என்ற பலத்த காவல் கட்டாயமாயிற்று. தொல்லை தீர்ந்ததா? இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் நிபுணர்கள் 'இது பழைய பூட்டு' என்று ரேடியோவில் பொய் சொல்லி, புதிய பூட்டையும் பழைய முறைக்கே இறக்கிக் காட்டினார்கள்.

இணைக்கும் நேரத்தில்தான் இந்த ஆபத்து. இணைத்ததும் 'எஸ்-0' என்று காட்டினால், பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். பூட்டுக்கு எஸ்-2 தெரியவே தெரியாது என்றால், மலை ஏறுமுன் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்றையும் மாட்டிவிட்டுப் போகலாம்.