ஜாதகத்தில் இல்லாத பொருத்தம்

பிள்ளை அடிக்கடி வெளிறிப் போய், கை கால் குடைகிறது என்று அழுதால் தோட்டப்புறத்தில் நாம் என்ன சொல்கிறோம்? "மருமகள் வந்த நேரம்" என்கிறோம். "குலதெய்வக் குறை" என்கிறோம். பெற்றவளே பழியைச் சுமக்கிறாள்.

ஆனால் சோகையில் ஒரு வகை, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதுகள் சேர்ந்து வருவது. அதற்கு அரிவாள் அணுச் சோகை என்று பெயர். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதன் கூறைக் கண்டார்கள். அதே ஆண்டு, மேல் அஸ்ஸாமில் நம்மைப் போலவே பிழைக்க வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது தெரிய வந்தது.

நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வட்டத் தட்டுப் போல, மென்மையாக இருக்கும். அவற்றுள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைச் சுமக்கிறது. அதைச் செய்யும் குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிடும். பிராணவாயு குறையும்போது அணு அரிவாளைப் போல் வளைகிறது. மெல்லிய குழாய்களில் சிக்கி வலியை உண்டாக்குகிறது. நல்ல அணு 120 நாள் வாழும். இதுவோ 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். சோகை அதனால்தான்.

ஒவ்வொருவருக்கும் இந்தக் குறிப்பு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று மட்டும் பழுதானால் பெரும்பாலும் நோய் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கும், நான்கில் இரண்டு பங்கு பழுதைச் சுமப்பதற்கும், ஒரு பங்கு பழுதே இல்லாமைக்கும் வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்ததால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்.

இந்தப் பழுது ஏன் அழியவில்லை? ஒரு பிரதி மட்டும் பழுதான குழந்தைகள் கடுமையான மலேரியாவிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். 1954இல் டாக்டர் அல்லிசன் இதை எடுத்துக்காட்டினார். காய்ச்சல் காட்டில் உயிர் காத்த கவசமே, இரட்டையானபோது நோயாயிற்று.

மலேசியாவில் அதிகம் காண்பது இதன் உறவான தலசீமியா. கடும் தலசீமியாவுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசாங்கம் இதற்கான இரத்தப் பரிசோதனையைத் தொடங்கியது. பைராம் தோட்டத்துப் பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குச் சம்மதக் கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள்.

அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் முடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே தாத்தாவின் பழுது இருவரிடமும் இருக்கக்கூடும். இரத்தப் பொருத்தம் பார்ப்பது கல்யாணத்தைத் தடுக்க அல்ல. நாளை பிறக்கும் பிள்ளைக்கு என்ன தேவைப்படும் என்பதை முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளத்தான். அதோடு, ஒரு மருமகளின் மேல் விழும் வீண் பழியும் நீங்கும்.