மடியில் வைத்து வாசிக்கும் மின்கிட்டார்: முதல் மாதிரி
லாஸ் ஏஞ்சலிஸ், 1931. மேப்பிள் மரம், எஃகு, கம்பிச்சுருள்

பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாரின் ஒலி எடுபடவில்லை. அதற்கு வழி தேடிய வாசிப்பாளர் ஜார்ஜ் பீச்சம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இதன் பிக்கப்பை வடிவமைத்தார். உடலையும் கழுத்தையும் ஹாரி வாட்சன் ஒரே மரக்கட்டையில் கையால் செதுக்கினார்.

தந்திகளை வளைத்து நிற்கும் இரண்டு லாடக் காந்தங்களைப் பாருங்கள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் அடியிலுள்ள சுருளில் மின்சாரம் எழும். பெருக்கி அதை ஒலியாக்கும். மரத்துக்கு இதில் வேலை குறைவுதான்.

இவ்வகைக் கிட்டாரில் தந்தியை விரலால் அழுத்துவதில்லை. இடக்கையிலுள்ள எஃகுத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பார்கள். கழுத்தின் குறுக்கே உள்ள ஃபிரெட் கோடுகள் சுர இடம் காட்ட மட்டுமே. இந்த மாதிரியைப் பின்பற்றிய கிட்டார் 1932இல் அலுமினிய வார்ப்பில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937இல்.