பையை அவிழ்க்கும் நேரம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு வண்ண மீன் கடை. ஆனி மாதம், வெளியே சாரல். வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்குக் குடிபோகிற ஒருவர், தன் மூன்றடித் தொட்டியின் மீன்களை இரண்டு வாளிகளில் கொண்டுவந்து இறக்கினார். கடைக்காரர் ஒவ்வொரு பாலிதீன் பையிலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மீனை இறக்கி, சிலிண்டர் குழாயை நுழைத்து, மிச்ச இடம் முழுக்க ஆக்சிஜனை நிரப்பி ரப்பர் பேண்டைச் சுற்றினார். வந்தவருக்கு மனசு ஆறவில்லை.

“அண்ணாச்சி, தண்ணி கம்மியா இருக்கே. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“தண்ணி எதுக்கு? மீனு என்ன குடிக்கவா போவுது? மூச்சு விடத்தான போவுது.”

அண்ணாச்சி கிண்டலாகச் சொன்னாலும் அறிவியல் அவர் பக்கம்தான். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். அதன் உடம்பில் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் தானாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளுவதுதான் அதன் சிறுநீரகத்துக்கு ஓயாத வேலை.

மூச்சுக் கணக்கு இன்னும் சுவையானது. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் இடத்தைத் தூய ஆக்சிஜனால் நிரப்பினால் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம். பையின் மேல்பகுதி வெற்றிடம் போலத் தெரிந்தாலும் கையிருப்பு அங்கேதான் இருக்கிறது. கீழே செலவாகச் செலவாக, வண்டியின் குலுக்கலில் மேலே இருப்பது கரைந்து இறங்கிக்கொண்டிருக்கும். சிலர் வீட்டிலேயே பையை வாயால் ஊதிக் கட்டுகிறார்கள். நாம் ஒருமுறை பயன்படுத்திவிட்ட, கரியமில வாயு கலந்த காற்றை மீனுக்குக் கொடுப்பது எந்த ஊர் விருந்தோம்பலோ தெரியவில்லை.

பாலிதீன் பை வருவதற்கு முன் வங்காளத்து மீன் குஞ்சு வியாபாரிகள் ‘ஹண்டி’ என்ற மண்பானைகளில் குஞ்சுகளை ரயிலேற்றி வெகுதூரம் கொண்டுபோனார்கள். பானைக்குப் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்து வழி நெடுகத் தண்ணீரை ஆட்டிக்கொண்டே வருவார். அந்த ஆட்டம்தான் காற்றைக் கரைக்கும் கருவி. பானையின் கசிவு தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். கொஞ்சம் செம்மண்ணையும் கரைத்துவிடுவார்கள். அது அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். பிற்பாடு 18 லிட்டர் மண்ணெண்ணெய் டின்னுக்குள் பாலிதீன் பையை வைத்து, மூன்றில் ஒரு பங்கு நீரும் மிச்சம் ஆக்சிஜனுமாகக் கட்டும் முறை வந்தது. பானையை ஆட்டிய ஆளுக்கு அப்புறம்தான் தூங்க நேரம் கிடைத்திருக்கும்.

எல்லா மீனுக்கும் ஒரே பை சரிவராது. இதைத் தென்காசிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. ஐந்தருவியில் விழுந்து நுரைக்கும் தண்ணீர், தொட்டியில் குமிழ் விடும் பம்ப் செய்கிற வேலையையே செய்கிறது: நீரின் மேற்பரப்பைக் கலைத்துக் காற்றோடு கலக்கிறது. அப்படிப்பட்ட ஓடைகளில் பாறையை வாயால் பற்றிக்கொண்டு வாழும் சிறு மீன்கள் காற்று நிறைந்த நீருக்கே பழகியவை. அடைத்த பையில் முதலில் தவிப்பவை அவைதான். கொஞ்சம் கீழே இறங்கி வயக்காட்டுக் குளத்தைப் பாருங்கள். அங்குள்ள விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கும். சந்தையில் ஒரு விரற்கடை தண்ணீரில் விரால் நாளெல்லாம் உயிரோடு கிடப்பது அதனால்தான். கடைகளில் சின்னக் குப்பியில் விற்கிற ஃபைட்டரும், கௌராமியும் பனையேறிக் கெண்டைக்குச் சொந்தக்காரர்கள். அவற்றுக்கும் தலைக்குள் காற்று மூச்சுக்கென்று ஓர் உறுப்பு உண்டு. ஃபைட்டருக்குக் கொஞ்சம் நீரும் மேலே சாதாரணக் காற்றும் போதும். கெளுத்தி வகையின் முள் பையைக் கிழிக்கும், அதற்கு இரட்டைப் பை. கப்பி போன்ற பொடி மீன்கள் பையின் மூலையில் சிக்கி நசுங்காமலிருக்க, அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் சுருட்டிக் கட்ட வேண்டும்.

மூச்சுக்கு வழி செய்தாயிற்று. கழிவுக்கு? மீனின் கழிவில் பெரும்பங்கு அம்மோனியா. அது செவுள் வழியாகவே வெளியேறுகிறது. பை என்பது சாக்கடை இல்லாத வீடு. பயணத்துக்கு ஒரு நாள் முன்பே, பெரிய மீனென்றால் இரண்டு நாள் முன்பே, தீனியை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். நம் வீடுகளில் இது நடக்காது. ‘பாவம், வழியில பசிக்குமே’ என்று கிளம்பும்போதுதான் இரண்டு சிட்டிகை கூடுதலாகப் போடுவோம். அந்தத் தீனி விழுப்புரத்தில் விஷமாகும்.

இங்கே இயற்கை ஒரு விளையாட்டுக் காட்டுகிறது. மீன் விடும் கரியமில வாயு கட்டிய பைக்குள்ளேயே தங்கி நீரை மெல்ல அமிலமாக்கும். அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடும். அது அத்தனை தீங்கு செய்யாது. அதாவது மீனின் ஒரு கழிவு, இன்னொரு கழிவின் விஷப்பல்லைப் பிடுங்கி வைக்கிறது. 600 கிலோமீட்டருக்கு மேல் அழுக்குத் தண்ணீரிலேயே வந்தும் மீன் உயிரோடு இருக்கும் ரகசியம் இதுதான்.

சென்னை போய்ச் சேர்ந்ததும் நாம் ஆசையாகப் பையை அவிழ்க்கிறோம். அடைபட்டிருந்த கரியமில வாயு பறக்கிறது. அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு ஏறுகிறது. பி.எச். ஒரு படி ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகும். இரவெல்லாம் தாக்குப்பிடித்த மீன், வீடு வந்த பிறகு வாசலில் சுருண்டு விழுகிறது. “வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வந்து அரை மணி நேரத்துல போயிடுச்சு” என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! பழி எப்போதும் சாலைக்கும் டிரைவருக்கும்தான் போகும்.

அதனால் நீண்ட பயணத்துப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, புதுத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பழக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். செங்கோட்டையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு அது சரி. இரவு முழுக்க வந்த மீனுக்கு, கட்டிய பையை அப்படியே 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பிறகு வெட்டி, வலையில் வடித்து உடனே மாற்ற வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

பாறை மேல் ஓடிவந்த மென்னீருக்குப் பழகிய மீனை, சென்னையில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் சட்டென்று விடலாமா? கூடாது. பழைய தொட்டி நீரை மீன் போடாமல் ஒரு கேனில் தனியே கொண்டுபோய், அங்கே புது நீரோடு பாதிக்குப் பாதி கலந்து வைத்திருந்தால், மீன் முதலில் இறங்குவது பாதி பழக்கமான தண்ணீரில். புது நீரில் குளோரின் இருந்தால் முதல் நாளே நீக்கிவிட வேண்டும்.

பழைய தண்ணீர் முழுவதையும் டிரம்மில் சுமந்துபோகிறவர்களும் உண்டு. அதில்தான் ‘நல்ல கிருமி’ இருக்கிறது என்பார்கள். அம்மோனியாவைத் தின்று படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்மையே. 1890 வாக்கில் அவற்றைத் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி. ஆனால் அவை பெரும்பாலும் பில்டரின் ஸ்பாஞ்சிலும் அடிக் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். ஆகவே சுமக்க வேண்டியது அந்த அழுக்கு ஸ்பாஞ்சை. குழாயடியில் பளிச்சென்று கழுவிவிடாமல், ஈரத்தோடு, காற்று நிறைந்த பையில். மூழ்க வைத்து இறுக மூடினால் காற்றின்றிச் செத்து, ஊர் போய்த் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்படி நாறினால் அதைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

தொட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் உள்ளே 127 லிட்டர், அதாவது 127 கிலோ. பாதித் தண்ணீரோடு தூக்கினால்கூடக் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கான் முறுக்கிப் பிரியும். முழுக்கக் காலி செய்து, அடியில் தெர்மாகோல் வைத்து ஏற்றுங்கள்.

மீன்களை இரவில் கொண்டுபோவது நல்லது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் மூச்சுத் தேவை இரண்டு மடங்கை ஒட்டி ஏறும். சாரலில் கிளம்பி, ராஜபாளையம் தாண்டி மதுரை வெயிலில் காரை நிறுத்திச் சாப்பிடப் போவது மீனுக்கு நல்லதில்லை. குளிரின் பலனுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1864இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட், சால்மன் முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, கப்பலில் பனிக்கட்டி அறைக்குள் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் கடலில் ஓட்டி டாஸ்மேனியா சேர்த்தார்கள். பலமுறை தோற்ற முயற்சி அன்று பலித்ததற்குக் காரணம் குளிர். குளிரில் உயிர் மெதுவாகச் செலவாகிறது. நம் வெப்பநாட்டு மீன்களுக்குப் பனிக்கட்டி ஆகாது. மூடிய தெர்மாகோல் பெட்டியும் அதன் இருட்டும் போதும். இருட்டில் அவை அடங்கிக் கிடக்கும்.

கடையில் கடைசியாக வாளியில் மிஞ்சியது கறுப்பாய் ஒரு டேங்க் கிளீனர். விரல் நீளத்தில் வாங்கியது ஓரடி வளர்ந்திருந்தது. எந்தப் பையிலும் அடங்கவில்லை.

“இத சிற்றாத்துல விட்டுட்டுப் போயிரட்டுமா, அண்ணாச்சி? புண்ணியமாப் போவும்.”

“அது தென்னமெரிக்காக்காரன். ஆத்துல விட்டா நம்ம ஊரு மீனுக்கு இடம் இருக்காது. இங்கன வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

வாளியைத் தூக்கி உள்ளே வைத்தார். முதல் பையை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.