பாதியில் நின்ற பின்னல்

வட இந்தியாவில் குளிர்கால வெயிலில் அமர்ந்து கம்பளி பின்னும் வழக்கம் இன்றும் உண்டு. பின்னுவோர் இல்லங்கள் பலவற்றில், பாதியில் நின்ற ஸ்வெட்டர் ஒன்றேனும் பெட்டிக்குள் இருக்கும். குளிர் விலகியதும் ஊசியை வைத்துவிடுவர். மறு குளிர்காலத்திற்குள் குழந்தை வளர்ந்துவிடும்.

அதனை முடிப்பதா, பிரிப்பதா? இதுவரை செலவிட்ட நேரம் எவ்வழியிலும் திரும்பப் போவதில்லை. ஆகவே அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. முடித்தபின் அது யாருக்கேனும் பொருந்துமா என்பதே கேள்வி.

பொருந்துமெனில், நூல் போதுமா என்று முதலில் பாருங்கள். புதிதாக வாங்கும் நூலில், ஒரே தடவையில் சாயமேற்றியதைக் குறிக்கும் தொகுதி எண்ணும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் அதே நிறமும் சற்று வேறுபட்டுத் தெரியும். மீண்டும் எடுத்துவைக்க நேர்ந்தால், ஊசியின் எண்ணையும் முடித்த வரிசையையும் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

பொருந்தாதெனில், பிரிப்பது இழப்பன்று. வெட்டிய துணி மீண்டும் முழுத்துணி ஆகாது. பின்னலோ நீண்ட இழையைக் கண்ணி கண்ணியாகக் கோத்தது. நுனியை இழுத்தால் நூல் ஏறத்தாழ முழுவதும் மீளும். அதனை நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் உலர்த்தினால் கம்பளி நூலின் நெளிவு பெரிதும் நீங்கும்.

ஸ்வெட்டருக்குப் போதாத அந்நூல், வளர்ந்துவிட்ட அதே குழந்தைக்குக் குல்லாயாகவும் கையுறையாகவும் இவ்வாண்டே பயன்படும்.