கோழி வளர்ப்பின் கடைசி ஒரு மணி நேரம்

எந்த இனக் கோழி வளர்ப்பது, என்ன தீவனம் போடுவது என்று கேட்டால் டீக்கடை பெஞ்சிலேயே பதில் கிடைத்துவிடும். வளர்த்த கோழியை எப்படி அறுப்பது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். "அதுல என்ன இருக்கு, கழுத்தை அறுத்துப் போட வேண்டியதுதானே" என்பார்கள். ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த கோழி படாத பாடு பட்டுச் சாவதும், அதன் கறி கெடுவதும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான்.

வளர்ப்பில் பெரிய சூட்சுமம் இல்லை. அடை வைத்த 21ஆம் நாள் குஞ்சு பொரிகிறது. தாய்க்கோழி கூட இருந்தால் கதகதப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். வாங்கி வந்த குஞ்சுகளுக்குத்தான் பல்பு வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். தீனிக்கு நொய், கம்பு, தவிடு. புரதத்துக்குக் கறையான்: பழைய சாக்கு, சாணம், காய்ந்த ஓலை எல்லாவற்றையும் பானையில் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலை வெயிலேறும் முன் எடுத்துத் தட்டினால் குஞ்சுகளுக்கு விருந்து.

பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலுக்கு. ராணிக்கெட் என்றும் இதைச் சொல்வார்கள். வந்துவிட்டால் மருந்து கிடையாது, தெருவே காலியாகும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. இந்த இரண்டையும் தவறவிடாத வீட்டில் பஞ்சாரம் காலியாவது அரிது.

பிராய்லர் குஞ்சு வாங்கி வீட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1948இல் 'நாளைய கோழி' என்று தேசிய அளவில் போட்டி நடத்தி, நெஞ்சுக்கறி பெருத்த, வேகமாக வளரும் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பாதையில் வந்த இனங்கள்தாம் இன்று ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடுகின்றன. அந்த எடையைத் தாங்கும் கால்களும் இதயமும் அவற்றுக்கு இல்லை. பாவம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டால், நடக்க முடியாமல் மூச்சு வாங்கிச் சாகும். அந்த இனத்தில் நாள் தள்ளுவது இரக்கம் ஆகாது. நாட்டுக்கோழி அப்படியில்லை. ஐந்தாறு மாதத்தில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரும், அவசரமே இல்லை.

அறுக்கும் நாளுக்கு முந்தைய இரவு, இருட்டியபின் கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். இருட்டில் அது ஓடாது. தீனி கூடாது, தண்ணீர் போதும். எட்டுப் பத்து மணி நேரத்தில் இரைப்பையும் குடலும் காலியாகும். காலையில் முற்றமெல்லாம் துரத்திப் பிடித்து, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்து வருவதுதான் நம் ஊர் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். துடித்து ஓடிய கோழியின் தசை சீக்கிரம் விறைத்துக் கறி கடினமாகிறது. அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டுகிறது. கறி எப்படிப் போனாலும், அத்தனை பயத்தோடு ஓர் உயிரைக் கொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இறக்கைகளை அணைத்து மார்போடு பிடித்துக் கொண்டு வாருங்கள். பழைய பிளாஸ்டிக் கேனின் அடியை வெட்டி, வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, தலைகீழாகத் தூணில் அடித்து வைத்தால் கோழி அதற்குள் அடங்கும், தலை மட்டும் வெளியே வரும். தாடைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் ஓடும் ரத்தக் குழாய்களை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். கத்தி அத்தனை கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தியைக் கையில் எடுப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சில நொடிகளில் நினைவு போய்விடும். அதன்பின் வரும் துடிப்பு தசையின் அனிச்சை. இரண்டு மூன்று நிமிடம் ரத்தம் வடியட்டும்.

இறகு பிடுங்கக் கொதிக்கும் நீரில் முக்கினால் தோல் வெந்து கிழியும். கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வரும். பக்கெட்டின் குளிர்ச்சியில் கொஞ்சம் இறங்கும். அந்தச் சூடு போதும். ஒரு நிமிடம் அலசி, வால் இறகை இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் வெளியே எடுத்துவிடலாம். பிறகு மஞ்சள் பூசி ஓலை நெருப்பில் வாட்டுவது. மயிரிழை போன்ற பூ இறகுகள் கருகும், தோல் இறுகும், ஒரு மணம் ஏறும். நாட்டுக்கோழியைத் தோலோடு சமைப்பதன் ருசியே இந்த மணத்தில்தான் இருக்கிறது.

வயிற்றைத் திறக்கும்போது ஆசனவாயைச் சுற்றி மேலோட்டமாக அறுக்க வேண்டும், குடலில் கத்தி படக்கூடாது. ஈரலை ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். ஈரலை நிதானமாகப் பாருங்கள். சீரான செந்நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளிகளோ கட்டிகளோ இருந்தால் அந்தக் கோழி உணவுக்கு ஆகாது, முழுதாகப் புதைத்துவிடுங்கள். சோர்ந்து தூங்கி விழும் கோழியை 'சாவதற்குள் அறுத்துவிடலாம்' என்று எடுப்பதும் தவறு. வீட்டுக்குள் நோயை அழைத்து வருவது அப்படித்தான். மருந்து கொடுத்த கோழியென்றால் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுத்த கறியை உடனே சட்டியில் ஏற்றலாம். இல்லையென்றால் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்கலாம். இடையில், தசை விறைத்திருக்கும் சில மணி நேரத்தில் சமைத்தால் எத்தனை விசில் விட்டாலும் நார் நாராகத்தான் இருக்கும். கோழி வெட்டிய பலகையில் தக்காளி, வெங்காயம் நறுக்காமல் இருப்பதும், சோப்பு போட்டுக் கை கழுவுவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

கோழி வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் ஒரு மதியத்தையாவது இதற்கென்றே ஒதுக்க வேண்டும். கத்தி தீட்டச் சொல்லித்தந்து, கோழியை அணைத்துப் பிடிக்கப் பழக்கி, கழுத்தில் ரத்தக் குழாய் ஓடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி அனுப்பினால், வீட்டுக் கோழிக்கு நாம் தருகிற சாவு இப்போது இருப்பதைவிட நிச்சயம் நல்லதாக இருக்கும்.