சிறுநீர்க் கசிவு: அறுவைக்கு முன் மூன்று மாதம்

“இருமினா, தும்மினா கசிஞ்சிடுது” என்று டாக்டரிடம் வாய் திறப்பதற்குள் பல பெண்களுக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவதும் உண்டு. சகஜம்தான், அதற்காகச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். இருமும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது கசிந்தால் அழுத்தக் கசிவு. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தளத் தசைகளே பெரும்பாலும் காரணம். கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் வந்துவிட்டால் அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்தும் வரும். சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் இல்லையென்று பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே கெகல் பயிற்சி. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் தசையை இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் முன் குறைந்தது மூன்று மாதம். இருமல் வரும் முன்பே இறுக்கிக்கொள்ளவும் பழகலாம். 2018-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், அழுத்தக் கசிவு இருந்து பயிற்சி செய்த பெண்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம்தான்.

சிக்கல் எங்கே என்றால், பலர் தூக்குவதற்குப் பதில் முக்குகிறார்கள். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, தொடையை இறுக்குகிறார்கள். வீடியோ பார்த்துச் செய்வதைவிட, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது சரிபார்த்துக்கொள்வதே மேல். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யும் பழக்கம் வேண்டாம்.

அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும். சிறுநீர் கழிக்கப் போகும் இடைவெளியைக் கால் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் அது. ஆறு வாரமாவது ஆகும். காபி, டீயைக் குறைக்கலாம். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பஸ் பயணத்துக்குப் பயந்து நாளெல்லாம் குடிக்காமலிருந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சலைத்தான் கூட்டும். மாத்திரைகளும் உண்டு, அவற்றில் சில, வயதானவர்களின் ஞாபக சக்தியைப் பாதிக்கலாம் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணுக்கால் அருகே நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் உண்டு: வாரம் அரை மணி நேரம், 12 வாரம்.

உடல் பருமன் உள்ளவர்கள் எடை குறைத்தால் கசிவும் குறையும். பெண்ணுறுப்புக்குள் பொருத்தும் சிலிகான் வளையமான பெசரி சிலருக்குக் கைகொடுக்கும்.

லேசர் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சிறுநீர்க் கசிவுக்கு லேசர் சிகிச்சையின் பாதுகாப்பும் பலனும் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இலேயே எச்சரித்திருக்கிறது. சிறுநீரில் ரத்தம், வலி, கால் மரத்துப்போதல் இருந்தால் மட்டும் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.