பாட்டியின் தட்டும் பேரனின் ஊசியும்

“என்னடா இது? கிட்டப்பா பாடுகிறாரா, அடுப்பங்கரையில் யாராவது அப்பளம் பொரிக்கிறார்களா?”

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டி கேட்ட கேள்வி இது. பேரனின் முகம் வாடிவிட்டது. பாவம், நல்ல எண்ணத்துடன்தான் அவன் காரியத்தைத் தொடங்கியிருந்தான். பரணிலிருந்த கிராமபோன் தட்டுகளை இறக்கித் தூசி தட்டி, புதிதாக வாங்கிய பிளேயரில் ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தான். பதிந்து முடிந்ததும் தட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவது என்பது வீட்டாரின் தீர்மானம். நல்ல வேளை, அதற்குள் பாட்டி வாயைத் திறந்தாள்!

குற்றம் தட்டிலா, கம்ப்யூட்டரிலா? இரண்டிலும் இல்லை. ஊசியில் இருந்தது.

தட்டைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதே ஊசி, அதைத் தாங்கி நிற்கும் சின்னஞ்சிறு பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். தட்டின் வரிகளுக்குள் ஊசி நெளிந்து ஓடுகிறது. அந்த அசைவைக் கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர், ஊசி சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் குமாஸ்தாதான். ஊசி சொல்லாமல் விட்டதை அது எங்கிருந்து எழுதும்?

தட்டுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு ஒன்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷந்தான் பாடும். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட எல்.பி. தட்டு மற்றொன்று. அது மெதுவாகச் சுழலும். வரிகளும் மிக மெல்லியவை. ஆகவே ஒரு பக்கத்திலேயே இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும்.

வரி வேறு என்றால் ஊசியும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? அரக்குத் தட்டுக்கு ஊசி முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி. தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். இன்று கடையில் வாங்கும் பிளேயரில் பெரும்பாலும் இருப்பது எல்.பி. ஊசி. அதை அரக்குத் தட்டில் வைத்தால், அண்டாவுக்குள் தேக்கரண்டி விழுந்த கதையாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டு இருப்பதோ பள்ளத்தின் இரு சுவர்களில். அடியில் கிடப்பது அறுபது, எழுபது வருஷத்துத் தூசி! அப்பளம் பொரிந்தது அதனால்தான். இதற்கு நேர்மாறாக, 78 ஊசியை எல்.பி. தட்டில் வைத்தால் தட்டே பாழாகிவிடும். தப்பித் தவறியும் அதைச் செய்யாதீர்கள்.

அரக்குத் தட்டில் கொஞ்சம் இரைச்சல் இருப்பது இயற்கை. அரக்கோடு கல்பொடியும் கலந்து செய்தவை அவை. அந்தப் பொடி எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்குப் பொருத்திக்கொள்ளும். தாத்தா ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றிக்கொண்டிருந்தாரே, வீண் ஆடம்பரமல்ல அது. மாற்றச் சோம்பல்பட்ட வீடுகளில் ஊசிக்குப் பதில் தட்டு தேய்ந்தது.

தேய்ந்த தட்டுக்கும் கதிமோட்சம் உண்டு. பழைய ஊசிகள் ஓடித் தேய்த்த இடத்தை விட்டுவிட்டு, சுவரில் சற்று மேலேயோ கீழேயோ தொடுகிற ஊசியைப் போட்டால், எந்த ஊசியும் படாத பகுதியிலிருந்து குரல் தெளிவாக எழும். ஒலிக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள் பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்ட பிறகே பதிவைத் தொடங்குகிறார்கள்.

கார்ட்ரிட்ஜிலும் காந்தம் அசையும் வகை, கம்பிச் சுருள் அசையும் வகை என்று இரண்டு உண்டு. சுருள் வகை நுட்பமானது. ஆனால் விலை கூடுதல், அது தரும் மின்சாரம் சொற்பம், ஊசியைப் பெரும்பாலும் தனியே மாற்ற முடியாது. காந்த வகையில் ஊசியை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். ஒரு கார்ட்ரிட்ஜ், இரண்டு ஊசி. குடும்பத்துக்கு இதுவே சிக்கனம். எல்.பி. தட்டுகளுக்கு உருண்டை முனையைவிட நீள்வட்ட முனை நல்லது. நுணுக்கமான நெளிவுகளிலும் அது புகுந்து வருவதால், பாட்டு முடியும் உட்பக்கத்தில் ‘ஸ’ ஓசை கரகரக்காது.

இன்னும் இரண்டு யோசனைகள். அரக்குத் தட்டைப் பதியும்போது இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்; ஊசி மேலும் கீழும் குதிக்கும் இரைச்சல் வெகுவாகத் தணியும். துடைக்கும்போது ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் காலமானார். மேடையில் அவரைக் கேட்டவர்கள் மறைந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது தட்டுகளில் தங்கிய குரல்தான். அதைத் தவறான ஊசியால் பதிந்துவிட்டுத் தட்டையும் எடைக்குப் போட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

மயிலாப்பூர்ப் பேரன் 78 ஊசி ஒன்று வாங்கி மாட்டி, அதே தட்டை மறுபடி வைத்தான். பாட்டி ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும், “இன்னொரு தரம் போடு” என்றாள்.

பழைய பேப்பர்க்காரருக்கு அந்த மாதம் பேப்பர் மட்டுந்தான் கிடைத்தது.